சந்தனம், குங்குமம், திருநீறு: காவிரிக் கரையில் ஒரு ஜெப நாள்

குளித்தலைப் பக்கம் ஒரு பழைய பேச்சு உண்டு. காலையில் கடம்பர், மதியம் சொக்கர், மாலையில் ஈங்கோய்நாதர். மூன்று கோயில்களையும் ஒரே நாளில் தரிசித்துவிட்டால் அத்தனை புண்ணியம் என்பார்கள். காவிரியின் தென்கரையில் வடக்கு பார்த்து அமர்ந்திருக்கும் கடம்பவனேசுவரர், தெற்கே அய்யர்மலை உச்சியில் ரத்னகிரீசுவரர், ஆற்றைத் தாண்டி வடகரையில் திருஈங்கோய்மலை. கார்த்திகை சோமவாரத்தில் அய்யர்மலையின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை உச்சிவெயிலில் ஏறுகிறவர்களைப் பார்த்தால், இவர்களுக்கு நேரம் எப்படிக் கிடைத்தது என்று தோன்றும். நேரம் கிடைத்து வந்தவர்கள் இல்லை அவர்கள். வேளை வந்துவிட்டதே என்று கிளம்பியவர்கள்.

அதே குளித்தலையை ஒட்டிய தண்ணீர்பள்ளி கிராமத்தில், காவிரிக் கரைத் தோப்புக்குள் இன்னொரு மூன்று வேளை நடக்கிறது. காலையில் சந்தனம், நண்பகலில் குங்குமம், மாலையில் திருநீறு. இட்டுக்கொள்கிறவர்கள் கிறிஸ்தவத் துறவிகளும் அவர்களைத் தேடி வருகிறவர்களும்.

இடத்தின் பெயர் சச்சிதானந்த ஆசிரமம். ஊர்க்காரர்களுக்கு சாந்திவனம்.

திருச்சியிலிருந்து கரூர் போகும் சாலையில் காவிரி கூடவே வரும். ஒரு பக்கம் வாழை, ஒரு பக்கம் தென்னை, இடையிடையே வெற்றிலைக் கொடிக்கால். எதிர்க்கரையில் கோரைப்பாய்க்குப் பேர்போன முசிறி. குளித்தலைக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. இறங்கி ஆட்டோ பிடித்தால் சில நிமிடங்களில் ஆசிரமம்.

முதலில் பார்க்கிறவர்கள் கோயில் என்றே நினைப்பார்கள். முகப்பில் சிறிய கோபுரம். உள்ளே மூலஸ்தானம், அதன் மேலே விமானம். விமானத்தில் இருக்கும் சிற்பங்களை நின்று பார்த்தால்தான் விஷயம் புரியும். மாதா, பேதுரு, பவுல், பெனடிக்ட் ஆகியோர் இருக்கிறார்கள். அவர்களுக்கு மேலே வெவ்வேறு கோலங்களில் கிறிஸ்து. உச்சியில் தாமரை. மூலஸ்தானத்தை வேண்டுமென்றே இருட்டாக வைத்திருக்கிறார்கள். கடவுள் உள்ளத்தின் குகையில் இருக்கிறார், அங்கே விளக்கு கொண்டுதான் போக வேண்டும் என்பது கருத்து. பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் ஓங்கிய ஊசிக்கோபுரத் தேவாலயங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது கொஞ்சம் பழக வேண்டும்.

விடியற்காலை ஐந்து மணி வாக்கில் மணி அடிக்கும். காவிரிப் பக்கமிருந்து ஈரக்காற்று. முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசுவதில்லை, யாரும் எதையும் கற்றுத்தருவதும் இல்லை. அவரவர் இடத்தில் அமர்ந்து தியானம். சிலர் மனதுக்குள் இயேசுவின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். சிலர் மூச்சை மட்டும் கவனிக்கிறார்கள். புதிதாக வந்தவர்களுக்குப் பத்தாவது நிமிடத்தில் கால் மரத்துப்போகும். இருபதாவது நிமிடத்தில் வீட்டுக் கடன் தவணை ஞாபகத்துக்கு வரும். மாமியாரின் முழங்கால் ஸ்கேன், பையனின் கெமிஸ்ட்ரி மார்க், ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் நேற்றிரவு வந்த அந்த ஒற்றை வரி எல்லாம் வரிசையில் வந்து நிற்கும். அமைதியைத் தேடி வந்த இடத்தில் இரைச்சல் கூடிவிட்டதே என்று பதற வேண்டியதில்லை. இரைச்சல் ஏற்கெனவே இருந்ததுதான். இங்கே காதில் விழுகிறது, அவ்வளவுதான்.

பிறகு பாட்டும் வாசிப்பும் திருப்பலியும். எல்லாரும் தரையில்தான் உட்காருகிறார்கள். பஜனை தமிழிலும் சமஸ்கிருதத்திலும் போகும். பைபிளோடு உபநிடதம், கீதை, தமிழ் பக்தி இலக்கியம் ஆகியவற்றிலிருந்தும் வாசிப்பார்கள். கற்பூர ஆரத்தி உண்டு. காலை ஜெபத்தில் சந்தனம் சுற்றி வரும். விலையுயர்ந்த, குளிர்ச்சியான, மணக்கிற பொருள். அன்றைய நாள் இன்னும் கெட்டுப்போகவில்லை என்பதை நெற்றியில் தொட்டுச் சொல்வது போல இருக்கிறது.

அமைதியைக் கட்டியவர்கள் அமைதியாக இருந்தார்களா?

சாந்திவனம் என்ற பெயரைக் கேட்டு, இதை நிறுவியவர்கள் கவலை தெரியாத ஞானிகள் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அவர்களுடைய கதை வேறு மாதிரி.

பிரான்ஸைச் சேர்ந்த ஜூல் மொன்சானின் என்ற பாதிரியார் 1939-ல் தமிழகம் வந்தார். உடல்நலம் எப்போதும் சுமார். 1932-ல் கடும் நோயில் படுத்தபோது, பிழைத்தால் இந்தியாவுக்குப் போவேன் என்று நேர்ந்துகொண்டவர். திருச்சி மறைமாவட்டத்துக் கிராமப் பங்குகளில் ஆண்டுக்கணக்கில் உழைத்தார். 1948-ல் ஆன்றி லெ சோ என்ற பெனடிக்ட் சபைத் துறவி அவருடன் வந்து சேர்ந்தார். 1950 மார்ச்சில் இருவரும் காவிரிக் கரை மாந்தோப்பில் குடிசை போட்டு ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். காவி உடுத்தினார்கள். ஒருவர் பரம அரூபி ஆனந்தர் ஆனார், இன்னொருவர் அபிஷிக்தானந்தர்.

சேர ஆள் வரவில்லை. வந்த ஓரிருவரும் நிலைக்கவில்லை. இருவருக்கும் இடையிலேயே கருத்து வேறுபாடு. சிகிச்சைக்காக பாரிஸ் போன மொன்சானின் 1957 அக்டோபரில் அங்கேயே இறந்தார். வெளியிலிருந்து பார்த்தால் தோற்றுப்போன முயற்சி.

அபிஷிக்தானந்தரின் உள்போராட்டம் இன்னும் கடினமானது. 1949-ல் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைத் தரிசித்தார். பின்னர் அருணாசலத்தின் குகைகளில் தங்கித் தவமிருந்தார். அங்கே கண்ட அத்வைத அனுபவத்தையும் தான் நேசித்த கிறிஸ்தவ விசுவாசத்தையும் எப்படிப் பொருத்துவது என்று தெரியாமல் அவர் பல்லாண்டு தவித்தார். அவர் இறந்த பிறகு வெளியான நாட்குறிப்பு முழுக்க அந்தத் தவிப்புதான். ஆனாலும் அந்த ஆண்டுகளில் அவர் ஜெப வேளைகளை விடவில்லை. திருப்பலியை விடவில்லை. மனம் ஒத்துழைத்த நாளிலும் செய்தார், ஒத்துழைக்காத நாளிலும் செய்தார்.

1968-ல் அவர் இமயமலைப் பக்கம் நிரந்தரமாகப் போய்விட்டார். 1973-ல் ரிஷிகேஷில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியபோது மாரடைப்பு வந்து தெருவோரத்தில் விழுந்தார். துறவிக்கும் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம் இருந்திருக்கிறது! பிழைத்த அந்தச் சில மாதங்களைத் தன் வாழ்வின் பெரும் வரமாகவே நண்பர்களுக்கு எழுதினார். அந்த டிசம்பரில் இந்தூரில் காலமானார்.

அவர் விட்டுப்போன ஆசிரமத்துக்கு, கேரளத்தின் குரிசுமலையிலிருந்து இரண்டு துறவிகளுடன் 1968-ல் வந்தவர் பீட் கிரிஃபித்ஸ் என்ற ஆங்கிலேயர். இந்த இடம் உலகம் அறிந்த ஆசிரமமாக வளர்ந்தது அவர் காலத்தில்தான். அவருடைய இளமைக் கதை, இன்று வேலையை விட்டுவிட்டு கிராமத்துக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிற ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்து முடித்ததும், இயந்திர வாழ்க்கை வெறுத்துப்போய், இரண்டு நண்பர்களுடன் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதிக் கிராமம் ஒன்றில் குடிசை எடுத்தார் அவர். ஆண்டு 1930. தொழிற்புரட்சிக்கு முந்தைய மனிதர்களைப் போல வாழ்வது என்று முடிவு. மாடு வைத்துப் பால் கறந்தார்கள். பைபிளைச் சேர்ந்து வாசித்தார்கள். ஒரு வருஷம்கூட நீடிக்கவில்லை. கலைந்தது. லண்டனுக்குத் திரும்பிய கிரிஃபித்ஸ் தனக்குத்தானே கடும் விரதங்களை விதித்துக்கொண்டு, மனம் உடைகிற நிலைக்குப் போனார். இடத்தை மாற்றுவதும் உடம்பை வதைப்பதும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1931-ல் கத்தோலிக்கராகி, அதன்பின் பெனடிக்ட் சபை மடத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது ஒரு மணியும் ஒரு கால அட்டவணையும். எப்போது எழுவது, எப்போது ஜெபிப்பது, எப்போது மண்வெட்டி பிடிப்பது, எப்போது தூங்குவது என்பதை அவர் தினமும் புதிதாக முடிவு செய்யத் தேவையில்லை.

யோசித்தால், வீட்டு மனிதர்களின் அலுப்பில் பெரும் பங்கு இந்த முடிவெடுப்புதான். இன்று என்ன சமைப்பது, இந்த மெசேஜுக்கு இப்போது பதில் சொல்வதா பிறகா, வாக்கிங் போவதா வேண்டாமா. நாள் முழுக்கச் சில்லறைத் தீர்ப்புகள்.

காய்கறி நறுக்கும் வேளை

காலை உணவு முடிந்ததும் விருந்தினர்களும் வேலையில் சேர்ந்துகொள்ளலாம். பெரும்பாலும் காய்கறி நறுக்குதல். பாய் விரித்து, அரிவாள்மணையோ கத்தியோ எடுத்து உட்கார்ந்தால் ஒரு கூடை பூசணியும் வெண்டைக்காயும் முன்னால் வரும். ஐரோப்பாவிலிருந்து வந்தவர் வெங்காயம் உரிக்கத் தெரியாமல் கண் கலங்க, பக்கத்தில் உட்கார்ந்த உள்ளூர் அம்மா வாங்கி உரித்துக் கொடுக்கிற காட்சியெல்லாம் இங்கே சகஜம். சாப்பாடு சைவம். தரையில் உட்கார்ந்து கையால் சாப்பிடுவது. தட்டை அவரவரே கழுவ வேண்டும்.

ஆசிரமம் என்றால் வேலையில்லாமல் கண்மூடி உட்காரும் இடம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது ஆச்சரியம். ஆனால் பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் தன் துறவிகளுக்கு எழுதிவைத்த ஒழுங்கு நூலில் சமையலறைக்கும் இடம் உண்டு. 73 சிறு அத்தியாயங்கள் கொண்ட நூல் அது. சமையல் முறையை எல்லாரும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்கிறது ஓர் அத்தியாயம். மடத்தின் பாத்திரங்களையும் கருவிகளையும் பீடத்துப் பாத்திரங்களுக்குச் சமமாக மதிக்க வேண்டும் என்கிறது இன்னொன்று. கரிப்பிடித்த இட்லிச்சட்டியை நற்கருணைக் கிண்ணம் போலப் பார்க்கச் சொல்கிறார் மனிதர்! ஜெப மணி அடித்தால், கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வர வேண்டும் என்கிறது மற்றொன்று. மணி அடித்த பிறகு இன்னும் ஒரே ஒரு வேலை என்று இழுக்கக் கூடாது.

லூக்கா நற்செய்தியில் மார்த்தா, மரியா என்று இரண்டு சகோதரிகள் வருகிறார்கள். இயேசு வீட்டுக்கு வந்திருக்கிறார். மரியா அவர் காலடியில் உட்கார்ந்து கேட்கிறாள். மார்த்தா அடுக்களையில் ஒற்றை ஆளாக அல்லாடி, கடைசியில் விருந்தாளியிடமே வந்து புகார் சொல்கிறாள். அவளைக் கவலைக்காரி என்று கண்டிக்கிற பிரசங்கங்கள் ஏராளம். அடுப்படியில் நின்று பழகிய எந்தப் பெண்ணுக்கும் மார்த்தா பக்கம்தான் நியாயம் என்று தோன்றும். பெனடிக்ட் கண்டது எளிய வழி. ஒருத்தி மார்த்தா, ஒருத்தி மரியா என்று பிரிக்க வேண்டாம். ஒரே ஆள் ஒன்பது மணிக்கு மார்த்தா, பன்னிரண்டு மணிக்கு மரியா.

நண்பகலில் மீண்டும் மணி. குறுகிய ஜெபம். இந்த முறை குங்குமம். புருவ மத்தியில் வைப்பது, உள்பார்வை தருகிற மூன்றாவது கண்ணுக்கான அடையாளம் என்று பீட் கிரிஃபித்ஸ் விளக்கினார். இந்து மரபின் அடையாளங்களைக் கிறிஸ்தவ ஜெபத்தில் சேர்ப்பதில் எல்லாருக்கும் உடன்பாடு இருந்ததில்லை. இது எங்கள் வழிபாடா என்று சில கத்தோலிக்கர்கள் கேட்டார்கள். எங்கள் காவியையும் ஓங்காரத்தையும் இவர்கள் ஏன் எடுக்கிறார்கள் என்று சில இந்துக்கள் கேட்டார்கள். இரண்டு கேள்விக்கும் காரணம் இருந்தது. அவர் இரு தரப்புக்கும் பதில் எழுதிக்கொண்டே, பன்னிரண்டு மணிக்கு மணி அடித்தால் எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

நண்பகல் ஜெபம் ஆசிரமத்தின் கண்டுபிடிப்பு இல்லை. தமிழகக் கத்தோலிக்க ஊர்களில் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை கோயில் மணி அடிக்கும். வயலில் இருப்பவர்கள்கூட நின்று திரிகால ஜெபம் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். பிரெஞ்சு ஓவியர் மிலே வரைந்த ஓர் ஓவியம் இதைத்தான் காட்டுகிறது. உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த கணவனும் மனைவியும் அந்தி மணி கேட்டுத் தலைகுனிந்து நிற்கிறார்கள். கூடை தரையில், முள்வாரி மண்ணில் குத்தியபடி. அந்த ஒரு நிமிடத்தில் கிழங்கு காணாமல் போய்விடவில்லை.

திரும்பத் திரும்பச் சொல்லும் ஜெபத்துக்கு உடம்பிலும் ஒரு வேலை உண்டு. இத்தாலிய மருத்துவர்கள் 23 ஆரோக்கியமான மனிதர்களை வைத்துச் செய்த ஆய்வு 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில் வந்தது. ஜெபமாலையின் மரியே வாழ்க ஜெபத்தை லத்தீனில் சொல்லச் சொன்னார்கள். பௌத்தர்களின் மந்திரம் ஒன்றையும் சொல்லச் சொன்னார்கள். இரண்டிலுமே மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறு தடவை என்ற அளவுக்கு இறங்கியது. சாதாரணமாக ஓய்வில் இருக்கும் ஒருவருக்கு அது 12 முதல் 20 வரை இருக்கும். ரத்த அழுத்தத்தை உடம்பு சமன்செய்துகொள்ளும் திறனும் கூடியது. முற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர்கள் சொல்லும் அந்த நிதானம்தான் காரணம். சீரியல் ஆரம்பிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஐந்து தேவ ரகசியங்களையும் ஒரே மூச்சில் ஓட்டினால் இந்தப் பலன் கிடைக்காது.

மூச்சு சீராவது மட்டும்தான் ஜெபம் என்று எந்த விசுவாசியும் ஒப்புக்கொள்ள மாட்டார். கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்ற நம்பிக்கை வேறு. ஆனால் கேட்கிறவரிடம் பேசுவதற்கு முதலில் மூச்சு வாங்குவது நிற்க வேண்டுமே.

மத்தியான வெயிலில்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாந்திவனம் உறங்கும். மாட்டுக்கொட்டகையில் கழுத்து மணிச் சத்தம். ஆற்றங்கரைக்குப் போனால், கோடையில் கண்ணுக்கெட்டிய தூரம் மணல், நடுவில் ஓடை போல நீர். ஆடியில் மேட்டூர்த் தண்ணீர் வந்துவிட்டால் அதே ஆறு கரை தொட்டு ஓடும். நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அதிக தூரத்தில் இல்லாததால், ஹாரன் சத்தமும் ரயில் சத்தமும் இங்கேயும் வரும். சினிமாவில் காட்டுகிற மாதிரி முழு நிசப்தத்தை எதிர்பார்த்து வரக் கூடாது.

கரையில் உட்கார்ந்திருப்பவர்கள் பலதரம். விடுமுறைக்கு வந்த ஆசிரியர்கள், இரவுப் பணியில் களைத்த நர்ஸ்கள், வெளிநாட்டுப் பயணிகள், வயதான தம்பதியர். ஒருவரையொருவர் என்ன கஷ்டம் என்று கேட்பதில்லை. அது இங்கே ஒரு நாகரிகம். ஆனால் சாயங்காலத் தேநீர் வேளையில் எப்படியோ பேச்சு ஒரே இடத்துக்குத்தான் வரும். இங்கே இருக்கும்வரை நன்றாக இருக்கிறது, ஊருக்குப் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுமே.

நியாயமான பயம். இரண்டு நாள் தங்கிச் சேர்த்த அமைதி, திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றாலே கரைந்துவிடும். தோப்பையும் காவிரியையும் பையில் போட்டு எடுத்துப்போக முடியாது. எடுத்துப்போகக் கூடியது மணி மட்டும்.

வீட்டில் மணி இல்லையா என்றால், இருக்கிறது. குக்கர் விசில் இருக்கிறது. ஸ்கூல் வேன் ஹாரன் இருக்கிறது. லஞ்ச் பாக்ஸைத் திறக்கிற ஓசை, மாமனாருக்கு மாத்திரை கொடுக்க வைத்த அலாரம், விளக்கேற்றுகிற வேளை எல்லாம் இருக்கின்றன. நாளில் எப்படியும் நடந்தே தீருகிற ஒரு காரியத்தோடு ஒரு நிமிட ஜெபத்தை முடிச்சுப் போட்டுவிட்டால் அதைத் தனியாக ஞாபகம் வைக்க வேண்டியதில்லை. வேன் புறப்பட்டதும் கேட்டைப் பிடித்தபடியே அந்தப் பிள்ளைக்காக ஒரு வரி. டிபன் மூடியைத் திறக்கும் முன் மூன்று நிதானமான மூச்சு, ஒரு நன்றி. அரை மணி நேரம் தனியாக உட்கார முடிகிற வீடு எத்தனை இருக்கும்? ஒரு நிமிடத்துக்கு இடமில்லாத வீடு கிடையாது.

ஃபோன் விஷயம் தனி. விடியலில் கண் விழித்ததும் கை தேடுவது அதைத்தான். மாற்கு நற்செய்தியில் இயேசு இருட்டோடு எழுந்து தனிமையான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். சீடர்கள் தேடிக்கொண்டு வந்து, எல்லாரும் உங்களைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அன்றைக்கே நோட்டிஃபிகேஷன் இருந்திருக்கிறது. அவர் முதலில் எழுந்துவிட்டார், அதுதான் வித்தியாசம். ஃபோனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டு, படுக்கை அருகே பழைய அலாரம் கடிகாரம் வைத்துக்கொண்டால் அந்த முதல் கால் மணி நேரம் தப்பிக்கும். கடிகாரத்தின் விலை ஒரு மாத ரீசார்ஜைவிடக் குறைவுதான்.

எல்லாச் சுமைக்கும் இது மருந்தாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வாரக்கணக்கில் தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், வாழவே பிடிக்காமல் போனால் அது ஜெபக் குறைவு ஆகாது. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டிய நோய் அது. விசுவாசம் போதவில்லை என்று அப்படிப்பட்டவர்களிடம் சொல்வது, கால் முறிந்தவரை ஓடச் சொல்வதற்குச் சமம்.

திருநீற்று வேளை

வெயில் தாழ்ந்ததும் மீண்டும் ஒரு மணி நேர தியானம். காலையில் வரிசையில் வந்து நின்ற கவலைகள் மாலையிலும் வரும். ஆனால் அவை கொஞ்சம் களைத்திருக்கும். தியான மண்டபத்தில் கிறிஸ்து பத்மாசனத்தில் அமர்ந்திருக்கிறார்.

பீட் கிரிஃபித்ஸுக்கு 1990 ஜனவரியில் இங்கேதான் பக்கவாதம் வந்தது. வயது 83. தன் குடிசையில் தியானத்தில் அமர்ந்திருந்த காலை நேரம். சில நாட்கள் பிழைப்பாரா என்ற நிலை. வாழ்நாள் முழுக்கப் படிப்பும் எழுத்துமாக மூளையாலேயே வாழ்ந்த தன்னை, அந்த அடி இதயத்துக்கு இறக்கிவிட்டதாகப் பின்னால் சொன்னார். அன்பு தாய் போலத் தன்னை மூழ்கடித்ததாகவும் சொன்னார். தேறி எழுந்து, மறுபடியும் வெளிநாடுகளுக்குப் போய்ப் பேசினார். 1993 மே 13 அன்று, தன் குடிசையிலேயே காலமானார். சமாதி ஆசிரமத்துக்குள்தான் இருக்கிறது. வருகிறவர்கள் பூ வைத்துவிட்டுப் போகிறார்கள்.

மாலை ஜெபத்தில் திருநீறு வரும். கிறிஸ்தவர்களுக்கு இது அந்நியம் இல்லை. தவக்காலத்தின் முதல் நாளைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் விபூதிப் புதன் என்றுதான் சொல்கிறார்கள். அன்று நெற்றியில் சாம்பல் பூசுவார்கள். இங்கே அது தினமும். எரிந்து முடிந்தது, இனி எரிய ஒன்றுமில்லை என்பது சாம்பலின் பொருள்.

பெனடிக்டின் நூலில் மாலைக்குப் பொருத்தமான ஓர் அறிவுரை உண்டு. யாரோடாவது சண்டை என்றால் சூரியன் மறைவதற்குள் சமாதானமாகிவிட வேண்டும். பல பேர் ஒரே கூரையின் கீழ் ஆயுள் முழுக்க வாழ வேண்டிய மடத்துக்காக எழுதியது. கூட்டுக் குடும்பத்துக்கும், இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட்டுக்கும் அப்படியே பொருந்துகிறது. காலையில் டவலுக்காகப் போட்ட சண்டையை மறுநாள் காலைக்குக் கொண்டுபோகாமல் இருந்தாலே பாதிப் பாரம் இறங்கும். மன்னிப்புக் கேட்க வார்த்தை வராவிட்டால், டம்ளரில் காபி வைத்து நகர்த்தினாலும் நம் வீடுகளில் அர்த்தம் ஒன்றுதான்.

தங்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் முன்கூட்டியே ஆசிரமத்துக்குத் தெரிவித்துவிட்டு வருவது நல்லது. அறைகள் எளியவை. மின்விசிறியைத் தவிர வேறு வசதி எதிர்பார்க்க வேண்டாம். கொசுவத்தியும் டார்ச்சும் கொண்டுவந்தால் உபயோகப்படும். தரையில் உட்கார முடியாதவர்கள் சொன்னால் நாற்காலி கிடைக்கும். எந்த மதத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. ஜூன் முதல் ஜனவரி வரை காவிரியில் தண்ணீர் இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஆற்றில் இறங்கும் முன் உள்ளூர்க்காரர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது.

ஜெபம் முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடக்கிறார்கள். ஆற்றுக்கு அப்பால் ஈங்கோய்மலைப் பக்கம் இருட்டிவிட்டது. நெற்றியில் சாம்பலோடு, கையில் அவரவர் தட்டு. ரசத்துக்குப் பெருங்காயம் கொஞ்சம் தூக்கலாக விழுந்திருக்கிறது என்று யாரோ மெதுவாகச் சொல்ல, பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி ஊற்றுகிறார்.